ஹலால் ஃபைல், ஒரு நோட்டு, கொஞ்சம் வாக்குவாதம்: ஆறு வருஷ அனுபவம்

22 ரூம் இருக்கற சின்ன ஹோட்டல், கீழயே ரெஸ்டாரண்ட், பர்ச்சேஸும் ஸ்டோரும் என் தலைல. ஆறு வருஷத்துக்கு முன்னாடி முதலாளி ஹலால் சர்ட்டிஃபிகேட் எடுக்கலாம்னு சொன்னப்ப, கறி வாங்கற இடத்த மாத்துனா வேலை முடிஞ்சுதுன்னுதான் நெனச்சேன். இருக்கறதுலயே ஈஸியான விஷயம் கறிதான்னு புரியறதுக்கே ஒரு வருஷம் ஆச்சு. இப்ப புதுசா ஆரம்பிக்கறவங்க அடிக்கடி கேக்கறாங்க, அதான் எது உழைச்சுது, எது ஊத்திக்கிச்சுன்னு எழுதிடறேன்.

மொதல்ல சப்ளையர் ஃபைல். ஒவ்வொரு சப்ளையர்கிட்டயும் ஹலால் சர்ட்டிஃபிகேட் காப்பி வாங்கி போடறது. கேக்க சிம்பிளா இருக்கும். ஆனா மொதல் பக்கத்த மட்டும் ஜெராக்ஸ் எடுத்து நீட்டுவாங்க, பெரிய முத்திரை, கையெழுத்து எல்லாம் அதுலதான் இருக்கும், பாக்க பளிச்சுன்னும் இருக்கும். எந்தெந்த ப்ராடக்டுக்கு, எந்த பிளாண்ட்ல (அதாவது ஃபேக்டரில) செஞ்சதுக்குன்ற லிஸ்ட் பின் பக்கத்துல இருக்கும், அது வரவே வராது. ரெண்டாவது வருஷம் நான் உக்காந்து பாத்தப்ப ஃபைல்ல இருந்ததுல பாதிக்கு மேல வெறும் மொதல் பக்கம்தான். இன்னொண்ணு, தேதி. எக்ஸ்பைரி முடிஞ்சு நாலு மாசம் ஆன பேப்பர வெச்சுக்கிட்டு நிம்மதியா தூங்கிருக்கேன். இப்ப முடியறதுக்கு 45 நாள் முன்னாடியே போன்ல அலாரம் அடிக்கும், கேட்டு வாங்கறதுக்கு அவ்ளோ நாள் ஆகுது, சும்மா இல்ல.

அடுத்தது ஸ்டோர் ரூம். மாஸ்டரும் நானும் ஒரு மத்தியானம் பூரா ஒவ்வொரு டப்பாவா லேபிள் படிச்சோம். ஜெலட்டின் பன்னில இருந்தும் வரும், மாட்டுல இருந்தும் வரும், மீன்ல இருந்தும் வரும், லேபிள்ல வெறும் ஜெலட்டின்னு மட்டும் இருந்தா அதுல இருந்து நமக்கு ஒண்ணும் தெரியாது. லேபிள்ல 471னு நம்பர் போட்டு ஒரு எமல்சிஃபையர், அதாவது எண்ணெயும் தண்ணியும் பிரியாம சேத்து வெக்கறது, பிரெட்லயும் ஐஸ்க்ரீம்லயும் பாதி இடத்துல இருக்கும், தாவர எண்ணெய்லயும் செய்வாங்க மிருகக் கொழுப்புலயும் செய்வாங்க, நம்பர் ரெண்டுக்கும் ஒண்ணேதான். 920ன்ற நம்பர் மாவ மிருதுவாக்க போடறது, அது இறகுல இருந்தும் முடில இருந்தும்கூட எடுக்கறாங்கன்னு தெரிஞ்சப்ப மாஸ்டர் முகத்த பாத்திருக்கணும். வெனிலா எக்ஸ்ட்ராக்ட் ஆல்கஹால்ல ஊற வெச்சு எடுக்கறது, அமெரிக்க விதிப்படி குறைஞ்சது 35 சதவீதம் ஆல்கஹால் இருந்தாத்தான் அந்தப் பேரையே போட முடியும். இதெல்லாம் தாண்டி எங்கள கவுத்துனது எண்ணெய் தடவற ப்ரஷ். பன்னி முடில செஞ்ச ப்ரஷ், அஞ்சாறு வருஷமா ஆணில தொங்கிட்டு இருந்துது, சாமான் லிஸ்ட்ல வராததால யாருமே பாக்கல. இப்ப சிலிகான்.

ஆனா இத்தன வருஷத்துல நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான், தப்பு நடக்கறது வழக்கமான நாள்ல இல்ல, வழக்கமா வர்ற சரக்கு வராத நாள்ல. ஃபைல் சுத்தமா இருக்கும், சப்ளையர் நல்லவரா இருப்பாரு, அன்னிக்கு மட்டும் ஸ்டாக் இல்ல, அவரு நமக்கு உதவியா நெனச்சு வேற எங்கயோ வாங்கி அனுப்பிடுவாரு. ஒரு நாள் காலைல அஞ்சரைக்கு சிக்கன் வந்துது, பெட்டி அதே மாதிரி, டேப்பும் அதே கலர், லேபிள்ல பிளாண்ட் நம்பர் மட்டும் கடைசி ரெண்டு இலக்கம் வேற. டிரைவர் "அதே கம்பெனிதாண்ணே, வேற பிளாண்டு, அவ்ளோதான்"ன்னு சொல்றாரு. இருக்கலாம். அந்த பிளாண்ட் எங்க பேப்பர்ல இல்ல. அன்னிக்கு மேல 40 பேர் க்ரூப் தங்கிருக்காங்க, முதலாளி போன் எடுக்கல, பத்து நிமிஷம் அந்த பெட்டி மேலயே உக்காந்து யோசிச்சேன். திருப்பி அனுப்பிட்டேன். மதியம் மீனும் முட்டையும்தான். சப்ளையர் ரெண்டு வாரம் மூஞ்சக் குடுத்து பேசல, அப்புறம் அவரே "சரக்கு மாறுனா முன்னாடியே சொல்லிடறேன்"னாரு. இன்னிக்கு வரைக்கும் சொல்றாரு. அது அந்த சர்ட்டிஃபிகேட்ட விட எனக்கு பெருசு.

பதிவு வெக்கறதுக்கு நான் முயற்சி பண்ணதுல ஸ்ப்ரெட்ஷீட் மூணு மாசத்துல செத்துப்போச்சு. சரக்கு இறங்கற நேரத்துல ஈரக் கையோட யாரு டைப் பண்ணுவா. ஒரு ஆப் போட்டோம், அதுவும் லாகின் மறந்தே போச்சு. நின்னு விளையாடுனது ஃப்ரீசர் கதவு பக்கத்துல கயிறு கட்டி தொங்கவிட்ட நோட்டு. தேதி, சப்ளையர், பேட்ச் நம்பர், எடை, யாரு வாங்குனா, இந்த அஞ்சு கட்டம்தான். கூடவே லேபிள போன்ல ஒரு போட்டோ. பெரிய பெட்டிய பிரிச்சு சின்ன டப்பால மாத்தறப்ப பழைய லேபிள வெட்டி டப்பாலயே ஒட்டணும், இத பழக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு, வெட்டாம தூக்கி போட்டுட்டா அந்த சரக்குக்கு அப்பன் பேர் தெரியாது.

அந்த நோட்டோட அருமை ஆடிட் அன்னிக்குத்தான், அதாவது சர்ட்டிஃபிகேட்டுக்காக சோதனை பண்ண வந்த அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நான் ஃபைல விரிச்சு வெச்சு காத்துட்டு இருக்கேன், ஆடிட்டர் அத தொடவே இல்ல, நேரா சில்லர் ஃப்ரிட்ஜ தொறந்து ஊற வெச்சிருந்த ஒரு ட்ரேய காட்டி "இது எப்ப வந்துது, எங்க இருந்து"ன்னாரு. ட்ரேல இருந்து டப்பா, டப்பால இருந்து பேட்ச், பேட்ச்ல இருந்து பில்லு, பில்லுல இருந்து பிளாண்ட். அப்புறம் ஒரு மாசம் வாங்குன எடையையும் வித்த எடையையும் தோராயமா ஒத்துப் பாத்தாரு. வாங்குனத விட வித்தது அதிகமா இருந்தா மிச்சம் எங்க இருந்து வந்துச்சுன்னு கேள்வி வரும்ல.

ஹலால், ஹலால் இல்லாததுன்னு ரெண்டு வகையும் ஒரே கிச்சன்ல வெக்கலாமான்னு கேக்கறவங்களுக்கு: கோடெக்ஸ்னு உலக அளவுல உணவுத் தர விதி போடற அமைப்போட 1997 ஹலால் வழிகாட்டுதல்ல ஒரே கட்டடத்துல தனிப் பகுதியா, ஒண்ணோட ஒண்ணு படாம செய்யலாம்னுதான் இருக்கு. பேப்பர்ல முடியும். நாங்க காலை உணவுக்கு பேக்கன், அதாவது பன்னிக்கறி, தனி அடுப்புல போட்டு நாலு மாசம் ஓட்டுனோம். கலர் போர்டு, கலர் கத்தி எல்லாம் வாங்குனோம், பஃபேல கெஸ்ட் ஒருத்தர் இந்த ட்ரே இடுக்கிய அந்த ட்ரேல வெச்சாருன்னா அதோட கதை முடிஞ்சுது, கெஸ்டுக்கு ட்ரெயினிங் குடுக்க முடியாதுல்ல. கடைசில பேக்கனையே நிறுத்திட்டோம். அந்த பாத்திரத்த எல்லாம் ஏழு தடவ கழுவி, அதுல ஒரு தடவ மண் கலந்த தண்ணில கழுவி எடுத்தோம், இஸ்லாமிய சட்டப் பிரிவுகள்ல ஒண்ணான ஷாஃபி மத்ஹபோட வழக்கம் அது, எங்களுக்கு சர்ட்டிஃபிகேட் குடுக்கற அமைப்பும் அதத்தான் கேட்டாங்க.

அமைப்புக்கு அமைப்பு மாறும்ன்றதயும் முன்னாடியே தெரிஞ்சுக்கங்க. அறுக்கறதுக்கு முன்னாடி ஆடு, மாடு, கோழிய மயக்கப்படுத்தறத சில அமைப்பு நிபந்தனையோட ஏத்துக்கும், சிலது ஏத்துக்காது. அதனால சப்ளையர்கிட்ட சர்ட்டிஃபிகேட் இருக்கான்னு மட்டும் கேக்காம, யார் குடுத்ததுன்னும் கேளுங்க, அத உங்க அமைப்பு ஏத்துக்குமான்னும் கேளுங்க. சின்ன கடைக்கு இதெல்லாம் பாரம்தான், இல்லன்னு சொல்ல மாட்டேன். இந்தோனேசியாவுல ஹலால் சர்ட்டிஃபிகேட் கட்டாயம்னு 2014ல சட்டம் போட்டும், சின்ன, குறு வியாபாரங்களோட சாப்பாட்டுப் பொருளுக்கு 2026 அக்டோபர் வரைக்கும் அவகாசம் நீட்டிருக்காங்கன்னா சும்மாவா.

சர்வீஸ் பசங்களுக்கு நான் சொல்லி வெச்சது ஒண்ணே ஒண்ணு. யாராவது "இது ஹலாலா"ன்னு கேட்டா ஒடனே தலையாட்டக் கூடாது, "கேட்டு சொல்றேங்க"ன்னு உள்ள வந்து கேக்கணும். அந்த அரை நிமிஷம் லேட் ஆனதுக்கு இதுவரைக்கும் ஒருத்தர் கூட கோச்சுக்கல.

இன்னும் தீராதது, பர்த்டேக்கு வெளில இருந்து கெஸ்ட் கொண்டு வர்ற கேக். க்ரீம்ல என்ன இருக்கு, மேல இருக்கற சிவப்பு கலர் எதுல இருந்து வந்துச்சு, ஒண்ணும் தெரியாது, வேண்டாம்னு சொல்லவும் மனசு வராது. இப்போதைக்கு பேப்பர் ப்ளேட், ப்ளாஸ்டிக் கத்தி, வெட்டறது லாபிலயே, எங்க ஸ்பூன் ஒண்ணும் வெளிய போகாது. போன வாரம் ஒரு அம்மா வந்து மிச்ச கேக்க எங்க ஃப்ரிட்ஜ்ல வெச்சு தர முடியுமான்னு கேட்டாங்க. அவங்க ரூம்ல இருக்கற குட்டி ஃப்ரிட்ஜ காலி பண்ணி குடுத்தேன்.