ஹெட்டு போயிருச்சு என்று சொன்னால் உடனே காசு கொடுக்காதீர்கள்

ஹட்டன் பக்கம் பிரிண்டரை ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். முறைப்பாடு கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

வீட்டில் இருப்பது எப்சன் இங்க் டேங்க் பிரிண்டர். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் அடிப்பதெல்லாம் அதில்தான். மழைக்காலத்தில் நம் ஊரில் வெளியே வைத்த கடதாசி நமுத்துப் போகும். அப்படி நமுத்த தாள் ஒன்று உள்ளே சிக்கிக் கிழிந்தது. அதிலிருந்து, மை தெளிக்கும் ஹெட்டைச் சுமந்துகொண்டு இடமும் வலமும் ஓடுகிற கேரியேஜ் பாதியில் நின்றுவிடும், சிவப்பு லைட் எரியும்.

கடைக்காரர் மூடியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. "ஹெட்டு போயிருச்சு டீச்சர், மாத்தாம ஓடாது" என்றார். 18,500 ரூபா வாங்கினார். பழைய ஹெட்டைக் கேட்டேன், குப்பையில் போட்டுவிட்டாராம். பில் கேட்டதற்கு 'சர்வீஸ்' என்று ஒரே வார்த்தை எழுதித் தந்தார்.

வீட்டுக்கு வந்து நொசில் செக், அதாவது ஹெட்டின் எந்த ஓட்டை அடைபட்டிருக்கிறது என்று காட்டும் சோதனைத் தாள், அடித்தேன். ரிப்பேருக்கு முன் அடித்த தாளும் என்னிடம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கறுப்பில் விடுபட்ட கோடுகள் அதே இடத்தில், மெஜந்தாவில் விடுபட்டதும் அதே இடத்தில். புது ஹெட்டில் பழைய ஹெட்டின் ஓட்டைகளே அடைபட்டிருக்குமா? சிக்கியிருந்த கடதாசித் துண்டை எடுத்துவிட்டு ஹெட்டுக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

அதோடும் முடியவில்லை. கேரியேஜ் மறுபடி நின்றது. இம்முறை பக்கச் சுவரில் டொக்கென்று இடித்துவிட்டு நின்றது. கடைக்குப் போன் செய்தால், "இப்ப போர்டு அடிச்சிருக்கும், கொண்டாங்க" என்கிறார். நான் கொண்டுபோகவில்லை.

இதைக் கட்டாயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்டின் வேலை மை தெளிப்பது. கேரியேஜை இழுப்பது மோட்டரும் பெல்ட்டும். அது எங்கே நிற்கிறது என்று பிரிண்டருக்குச் சொல்வது, பின்னால் குறுக்கே இழுத்துக் கட்டிய மெல்லிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பட்டி. அதில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய கோடுகள் இருக்கும், கேரியேஜில் உள்ள சென்சர் அவற்றை எண்ணிக்கொண்டே ஓடும். பட்டியில் மையோ கிரீஸோ பட்டால் எண்ணிக்கை தப்பும், கேரியேஜ் போய் இடிக்கும். எங்கள் பிரிண்டரில் கடைக்காரர் அள்ளிப் பூசிய கிரீஸ் அந்தப் பட்டி முழுக்க அப்பியிருந்தது.

கேரியேஜ் நடுவில் நிற்கும்போதே பிளக்கைக் கழற்றுங்கள். வலது ஓரத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் பூட்டிக்கொள்ளும், அப்போது கையால் பலமாக இழுக்கக் கூடாது. டோர்ச் அடித்து, கேரியேஜ் ஓடும் வழி முழுக்கக் கடதாசித் துண்டு, ஸ்டேப்ளர் பின் ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். பிறகு நூல் உதிராத துணியைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, பட்டியை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து மெதுவாகத் துடையுங்கள். தின்னர், ஸ்பிரிட் வேண்டாம், கோடுகள் அழிந்துபோகலாம். பட்டி ஓரத்துக் கொக்கியிலிருந்து கழன்றால் மாட்டுவது பெரும் பாடு, ஆகவே இழுக்காதீர்கள். மைக் குழாய்களையும் தட்டைக் கேபிளையும் தொட வேண்டாம். எனக்கு வேறெதுவும் செய்யத் தேவைப்படவில்லை. திருப்புளிகூட எடுக்கவில்லை. கடைக்காரர் போய்விட்டதாகச் சொன்ன அந்த போர்டோடுதான் இன்றைக்கும் வினாத்தாள் அடிக்கிறேன்.

கெனன் ஜி2000, ஜி3000 வைத்திருப்பவர்களிடம் யாராவது ஹெட் மாற்றக் கூலி கேட்டால் இன்னும் யோசியுங்கள். அவற்றில் ஹெட் இரண்டு துண்டாகக் கையாலேயே கழற்றி மாட்டக்கூடியது.

கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், கொடுக்கும் முன் ஒரு நொசில் செக் அடித்துத் திகதி போட்டு வையுங்கள், அடிக்க முடியாத நிலையென்றால் கடைசியாக அடித்த தாளையாவது. மாற்றிய பாகத்தின் பெயரும் விலையும் பில்லில் இருக்க வேண்டும், பழைய பாகம் கைக்கு வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பஸ்ஸில் கொண்டுபோனால் மடியில் நேராக வைத்துக்கொள்ளுங்கள், நம் வளைவுகளில் சரிந்தால் டேங்க் மை உள்ளே கொட்டும்.

ஏமாற்றப்பட்டவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இலக்கத்தில் அழைக்கலாம். நான் அந்த இரண்டு நொசில் செக் தாள்களையும் பில்லையும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறேன்.