ஒன்பதாயிரம் ரூபாய்க்குத் தூக்கம்

11 மாத மகள் ராத்திரிக்கு ஐந்தாறு தடவை எழும்புவாள், ஒவ்வொரு தடவையும் சேலைத் தொட்டிலில் போட்டு ஆட்டினால்தான் கண்ணை மூடுவாள், நானும் வீட்டுக்காரரும் ஆபீசில் தூங்கி வழிந்து மூன்று மாதம் ஓடிய பிறகுதான் பிள்ளைத் தூக்கத்துக்கு வாட்ஸ்அப் வழியாக ஆலோசனை சொல்லும் ஒரு ஸ்லீப் கன்சல்டன்டைப் பிடித்தோம். பெங்களூர்க்காரர். இரண்டு வாரத்துக்கு 9,000 ரூபாய். மாமியாரிடம் 2,000 என்றுதான் சொன்னேன், அதற்கே “பிள்ளைய ஒறக்கதுக்கு ஆளுக்குத் துட்டா மக்களே” என்று கேட்டுவிட்டார்.

முதல் மூன்று நாள் எதையும் மாற்றாமல் எழுதி மட்டும் வைக்கச் சொன்னார்: எப்போது விழித்தாள், எப்போது பால், எப்போது தூக்கம். கொடுத்த காசு வசூலானது இங்கேதான். சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு தூக்கம் போட்டுவிட்டுப் பத்தரை வரைக்கும் ஆட்டம் போட்டிருக்கிறாள், கூட்டிப் பார்த்தால் ஒரு நாளில் பத்து மணி நேரம்கூடத் தேறவில்லை. இந்த வயதுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம் வேண்டும். சாயங்காலத் தூக்கத்தை நிறுத்தி எட்டு மணிக்கு லைட்டை அணைத்தோம். நான்கே நாளில் எழும்புவது இரண்டு தடவையாகக் குறைந்தது.

அடுத்த கட்டம்தான் வம்பு. தொட்டில் கூடாது, விழித்திருக்கும்போதே படுக்கையில் விடு, அழுதால் 3 நிமிஷம், அப்புறம் 5, அப்புறம் 10 என்று இடைவெளி விட்டுப் போய்ப் பார் என்றார். ஆட்டத்தில் தூங்கிய பிள்ளை நடுராத்திரி விழித்தால் அதே ஆட்டத்தைத் தேடும் என்கிறார், சரிதான். ஆனால் ஆறாவது நிமிஷமே மாமியார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து தூக்கிவிட்டார். கன்சல்டன்டிடம் சொன்னால் “வீட்டில் எல்லோரும் ஒத்துழைக்கணும் மேடம்” என்று ஒரே பதில். அறை நிசப்தமாக இருக்கட்டும் என்கிறார், நாங்களோ நாகர்கோவில் கோட்டாறு, சவேரியார் கோயில் திருவிழா நடந்துகொண்டிருக்கிறது!

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது வேறு விஷயத்தில். மகள் வாயைத் திறந்து குறட்டை விடுகிறாள் என்றதற்கு வளர வளரச் சரியாகும் என்றார். அதைக் குழந்தை டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்க வேண்டாமா? ஸ்லீப் கன்சல்டன்ட் என்பது டாக்டர் படிப்பு இல்லை, ஆன்லைன் கோர்ஸ் முடித்தும் இந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம், அது நினைவில் இருக்கட்டும்.

பத்துக்கு ஆறு கொடுப்பேன். பணம் கட்டும் முன் மூன்று நாள் நீங்களே எழுதிப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதுவே போதும் என்று நினைக்கிறேன். இப்போது எட்டு மணியானால் மாமியாரே சீரியல் சத்தத்தைக் குறைத்துவிடுகிறார். தொட்டிலை மட்டும் இன்னும் அவிழ்க்க விடவில்லை.