மிளகாய் வியாபாரத்தில் தந்தி: நீண்ட நாள் பயன்படுத்தியவனின் அனுபவம்

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் மிளகாய், வெங்காயம், பருப்பு இறக்குமதி செய்த கடையில் நான் கணக்குப்பிள்ளை. விருதுநகர், தூத்துக்குடி வியாபாரிகளோடு எங்களுக்குப் பேச்சு முழுக்கத் தந்தியில்தான். டிரங்கால், அதாவது வெளியூர்த் தொலைபேசி அழைப்பு எல்லாம் முதலாளியோடு சரி.

முதலில் காசு விஷயம். ஒவ்வொரு சொல்லுக்கும் கட்டணம் உண்டு, முகவரியையும் விட மாட்டார்கள். அதனால்தான் கடைகள் ஒற்றைச் சொல்லில் தந்தி முகவரி பதிந்து வைத்திருந்தன. எல்.டி. என்று ஒன்று இருந்தது, லெட்டர் டெலிகிராம். கட்டணம் பாதிதான், ஆனால் குறைந்தது 22 சொல்லுக்குக் கட்ட வேண்டும், போய்ச் சேர மறுநாள் ஆகும். 11 சொல்லைத் தாண்டினால் எல்.டி.தான் லாபம் என்பது எங்கள் கணக்கு. விலை, மூட்டை எண்ணிக்கை இரண்டையும் எப்போதும் எழுத்தால் எழுதுவோம். வழியில் ஓர் இலக்கம் மாறினால் யாருக்கும் தெரியாது. சொல்லில் பிழை வந்தால் பார்த்தவுடன் தெரியும்.

தந்தி என்றாலே எல்லோரும் வேகத்தைத்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டால், கையில் கிடைத்த அந்தக் காகிதம்தான் பெரிது. 1966 ஜூன் 6 அன்று இந்திய ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது; டாலருக்கு 4.76 ஆக இருந்தது 7.50 ஆனது. இந்தச் செய்தி பத்திரிகையிலேயே வந்துவிட்டது. பழைய ரூபாய் விலைக்கே சரக்கு வந்தால் எங்களுக்கு மலிவு; அப்படி வருமா என்பதுதான் எங்கள் கவலை. விலையை ஏற்றப் பார்த்தவர்களுக்கு, அவர்களே ஒப்புக்கொண்டு அனுப்பிய தந்தியின் தேதியைக் குறிப்பிட்டுப் பதில் அடித்தோம். பெரும்பாலானோர் இறங்கி வந்தார்கள். வாய்ப்பேச்சாக இருந்திருந்தால் நடந்திருக்குமா?

இந்தத் தொடர்புக்கு வயது அதிகம். மதராஸிலிருந்து பினாங்கு வழியாகக் கடலடிக் கம்பி சிங்கப்பூருக்கு வந்தது 1871-இல். அந்தக் காலக் கடல் கம்பிகளுக்குத் தண்ணீர் புகாமல் உறை போட்டது கட்டாபெர்ச்சா, நம் பக்கத்துக் காட்டு மரப் பால். அதற்காக வெட்டிய மரங்களுக்குக் கணக்கே இல்லை. அதுவரை கப்பல் தபால் யாருக்கு முதலில் கிடைத்ததோ அவருக்கே லாபம். கம்பி வந்தபின் விலை ஊருக்கே தெரிந்தது. அப்புறம் சரக்கைக் கையில் வைத்திருப்பவனுக்கும், கடன் கிடைப்பவனுக்கும்தான் மரியாதை.

குறை? வீட்டுச் செய்திக்கு அது ஆகவே ஆகாது. நாலு சொல்லில் ஒரு சாவு வந்து நிற்கும். எப்படி, என்ன என்று கேட்க ஆளிருக்காது.

பிறகு டெலக்ஸ் வந்தது; இங்கே இயந்திரத்தில் அடிப்பது எதிர்முனைக் கடையின் இயந்திரத்தில் நேரடியாக அச்சாகும். அதற்கு நிமிடக் கணக்கு. செய்தியை முன்கூட்டியே காகித நாடாவில் துளையிட்டு வைத்துக்கொண்டு, இணைப்புக் கிடைத்ததும் ஒரே ஓட்டமாக ஓட விடுவோம். எதிர் இயந்திரம் தன் அடையாளத்தைத் தானே அடித்துக் காட்டும் என்பதால், போய்ச் சேர்ந்ததா என்ற சந்தேகமும் இல்லை. பெரிய கம்பெனிகள் உடனே மாறிவிட்டன. டெலக்ஸ் வைக்க வசதியில்லாத சின்ன மண்டிக்காரர்களுக்கு மட்டும் அப்புறமும் தந்திதான் அடித்தோம். பணத்தில் அந்தப் பெயர் இன்னும் போகவில்லை. வங்கியில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பினால் இப்போதும் டி.டி., அதாவது டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் என்றுதான் சொல்கிறார்கள்.