கர்ப்பகால வெரிகோஸ் வெயின்: அழுத்தக் காலுறையா, கிரேப் பேண்டேஜா?

ஏற்கெனவே வெரிகோஸ் வெயின் (காலில் சிரைகள், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் குழாய்கள், புடைத்து முறுக்கிக்கொள்வது) உள்ளவர்களுக்குக் கர்ப்பகாலத்தில் சிக்கல் கூடுவது சகஜம். உடலில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை உயர்கிறது, புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் சிரைச் சுவரைத் தளர்த்துகிறது, கருப்பை இடுப்புச் சிரைகளை அழுத்துகிறது. காலில் தேங்கும் ரத்தத்திலிருந்து சிவப்பணுக்கள் தோலுக்குள் கசிந்து, அவற்றின் இரும்புச்சத்து படிவதால்தான் கணுக்காலின் உட்புறம் பழுப்பேறுகிறது. அப்புறம் அரிப்பு, எக்சிமா என்னும் தோல் அழற்சி, தோல் இறுகுதல். கவனிக்காவிட்டால் புண்.

லேசரையும் ஊசி சிகிச்சையையும் பொதுவாகப் பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றே மருத்துவர்கள் சொல்வார்கள். அதுவரை காலை வெளியிலிருந்து அழுத்திப் பிடிப்பதுதான் வழி.

கிரேப் பேண்டேஜ், அதாவது இழுத்துச் சுற்றும் நெகிழ்வுத் துணிக்கட்டு, மலிவு, எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். ஆனால் அழுத்தம் முழுக்கச் சுற்றுபவரின் கையில் இருக்கிறது. ஏழாம் மாதத்தில் குனிந்து தன் காலுக்குத் தானே சீராகச் சுற்ற யாரால் முடியும்? மதியத்துக்குள் நழுவி, முழங்காலுக்குக் கீழே கயிறு போலத் திரண்டுவிட்டால் ரத்தம் மேலேறுவதற்கே தடை.

காலுறை கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் நெய்யப்பட்டது. வீக்கத்துக்கு 15–20 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் போதும். தோல் மாறத் தொடங்கியிருந்தால் 20–30 வரை மருத்துவர் சொல்லக்கூடும். சர்க்கரை நோய் நெடுநாளாக இருந்தால், பாதத்தில் நாடித்துடிப்பைப் பார்க்காமல் போடக் கூடாது. கணுக்கால் பிரச்சினைக்கு முழங்கால் வரையிலான உறையே பெரும்பாலும் போதும். தொடை வரை போவது நம்ம ஊர் வெயிலில் தண்டனை. வீக்கம் இல்லாத காலை நேரத்தில் அளவெடுத்து வாங்கி, படுக்கையை விட்டு எழும் முன்பே மாட்டி, இரவில் கழற்ற வேண்டும். மாட்டிவிட வீட்டில் ஒரு கை தேவைப்படும்.

என் ஓட்டு காலுறைக்கே. நீர் வடியும் எக்சிமாவோ திறந்த புண்ணோ இருந்தால் மட்டும் பேண்டேஜ் முந்துகிறது: கட்டுத் துணியை உள்ளே வைத்து, பயிற்சி பெற்ற செவிலியர் சுற்ற வேண்டும்.

இரண்டுக்கும் பதிலாகப் பலர் எடுப்பது மருந்துக்கடைக்காரர் தரும் 'படை' கிரீம். வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, நியோமைசின் என்னும் ஆன்டிபயாடிக் எல்லாம் ஒரே ட்யூபில் கலந்து வரும். இந்தத் தோலில் நியோமைசின் ஒவ்வாமை அடிக்கடி வரும். வாசனையில்லாத ஈரப்பத கிரீம் தாராளமாகத் தடவலாம். ஸ்டீராய்டை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும்.

எல்லா அரிப்பும் சிரையால் வருவதல்ல. தடிப்பே இல்லாமல் உள்ளங்கை, உள்ளங்காலில் இரவில் அரித்தால் கல்லீரலில் பித்தநீர்த் தேக்கமா என்று ரத்தப் பரிசோதனை வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அது ரத்தக்கட்டாக இருக்கலாம்; அன்றே டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) எடுக்க வேண்டும்.

பிரசவமான சில மாதங்களில் புடைப்பு பெரும்பாலும் தணியும். பழுப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. சிலருக்கு முழுதாகப் போவதே இல்லை. லேசர் தேவையா என்ற பேச்சு அப்போதுதான்.