ஊசி போட மறுத்த டொக்டரும் நூலால் மோதிரம் கழற்றிய நேர்ஸும்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட, வாசலில் மாமரம் நிற்கிற மாடி வீட்டில் ஒரு தனியார் சிகிச்சை நிலையம் இருக்கிறது. எனக்குச் சிக்குன்குன்யா என்ற நுளம்புக் காய்ச்சல் வந்தபோது அங்கேதான் போனேன். குறையும் எழுதப் போவதால் பெயரைப் போடவில்லை. மாமரம் என்றால் அந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளங்கும்.

நான் கொக்குவிலில் வீட்டோடு மெசின் வைத்துத் தைக்கிறேன். மார்கழி மழை விட்ட கையோடு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கத்தரிக்கோலைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. மத்தியானம் காய்ச்சல் 103. கைமணிக்கட்டு, விரல் மூட்டு, கணுக்கால் எல்லாம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உளைந்தன. சுவரைப் பிடித்துத்தான் கழிப்பறைக்குப் போனேன். மூன்றாம் நாள் நெஞ்சிலும் கையிலும் சிவப்புச் சிவப்பாகப் போட்டது, அரிப்பும் தொடங்கியது.

பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது அம்மாள் வருத்தம், வேப்பிலையைக் கட்டு" என்றார். அம்மாள் வருத்தத்துக்கு நீர்க்கொப்புளம் வரும். எனக்கு வந்தது தட்டையான பொட்டு. அதற்குள் மகன் ஒரு பாமசியில் மூட்டு நோ என்று சொல்லி நோக் குளிசை வாங்கி வந்தான். காய்ச்சல் இருக்கிறதா என்று அவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். இரண்டு குளிசை போட்டுவிட்டேன்.

வியாழன் பின்னேரம் ஓட்டோ பிடித்துப் போனோம். நம்பர் 31. ஒன்றரை மணித்தியாலம் மர வாங்கில் இருந்தேன். மூட்டு வீங்கிய ஆளுக்கு அந்த வாங்கு பெரிய தண்டனை, சாயக்கூட இடமில்லை. நல்ல கதிரை நாலு வாங்கிப் போட்டால் புண்ணியம்.

உள்ளே போனதும் எல்லாம் மாறிவிட்டது. வேறு இடங்களில் நான் வாயைத் திறக்க முதல் மருந்து எழுதிவிடுவார்கள். இந்த டொக்டர் பேனையைத் தொடவில்லை. முதலில் காய்ச்சலா, முதலில் மூட்டா? பொட்டு எத்தனையாம் நாள்? தொண்டை நோ இருந்ததா? நோ ஒரு மூட்டை விட்டு இன்னொரு மூட்டுக்கு மாறுகிறதா? கன்னம் சிவந்த சின்னப் பிள்ளைகள் யாரும் சட்டை அளவு கொடுக்க வந்தார்களா? அப்புறம், வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாரா?

ஏன் இதெல்லாம் என்று கேட்டேன். சலிக்காமல் சொன்னார். தொண்டை நோ வந்து இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு மூட்டு மாறி மாறி வீங்கினால் அது வாதக் காய்ச்சலாக இருக்கலாம், அதை விட்டால் இருதய வால்வைப் பழுதாக்கும். பார்வோ வைரஸ் பிள்ளைகளுக்குக் கன்னத்தைச் சிவக்க வைக்கும், வளர்ந்த பெண்களுக்கு விரல் மூட்டைப் பிடிக்கும். ரூபெல்லாவும் அப்படித்தான். இந்த இரண்டும் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு ஆபத்து. என் மகள் ஆறு மாதக் கர்ப்பிணி, அந்தக் கிழமை வீட்டுக்கு வருவதாக இருந்தாள். அவர் கேட்டிராவிட்டால் எனக்கு அது மனதிலேயே வந்திராது.

பிறகு நெஞ்சுப் பொட்டைப் பெருவிரலால் அமத்தி எடுத்தார். தோல் வெளிறி, திரும்பச் சிவந்தது. தோலுக்குள் இரத்தம் கசிந்த பொட்டு அப்படி வெளிறாது, அதைத்தான் பார்த்தேன் என்றார். விரல் மொழிகளை ஒவ்வொன்றாகத் தடவினார்.

"சிக்குன்குன்யா போலத்தான் கிடக்கு. 2006இல உங்களுக்கு வந்ததோ அம்மா?"

வரவில்லை. அப்போது நான் கொழும்பில் இருந்தேன். யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 தரைப்பாதை ஆகஸ்டில் பூட்டி, அம்மா இங்கே தனித்துப் போய், அந்த வருசக் கடைசியில் அவவுக்கு வந்தது. ஊரே குனிந்து குனிந்து நடக்கிறது என்று போனில் அழுதா. ஒருமுறை வந்தவர்களுக்குத் திரும்ப வருவது மிகக் குறைவு என்று டொக்டர் சொன்னார். இந்த முறை என் பக்கத்திலேயே படுத்து என்னைப் பார்த்ததும் அம்மாதான், அவவுக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பெயரே ஆபிரிக்காவில் மக்கொண்டே மக்களின் சொல்லாம், உடல் வளைந்து போவதைச் சொல்வது. 1952இல் தன்சானியாப் பக்கம் முதலில் கண்டார்களாம். அம்மாவின் போன் ஞாபகம் வந்தது.

நோவுக்கு ஊசி போடச் சொல்லிக் கெஞ்சினேன். "டெங்கு இல்லை என்று தெரியாமல் போட மாட்டன். போட்ட குளிசையையும் நிப்பாட்டுங்கோ, பனடோல் மட்டும்" என்றார். பனடோல் என்றால் பரசிற்றமோல் குளிசை. டெங்கு என்றால் அந்தக் குளிசையால் இரத்தக் கசிவு கூடும், டெங்கையும் சிக்குன்குன்யாவையும் பரப்புவது ஒரே நுளம்பு. அப்போது கோபம்தான் வந்தது. இன்று அவருக்கு நன்றி சொல்கிறேன்.

இனி அந்த நேர்ஸ். என் மோதிர விரல் வீங்கி நீலம் பாரித்திருந்தது. வெட்டத்தான் வேண்டும் என்று நினைத்தேன். அவர் என் பையில் கிடந்த வெள்ளை நூல் கட்டையைக் கண்டுவிட்டார். நூலின் ஒரு நுனியை மோதிரத்துக்குக் கீழால் உள்ளங்கைப் பக்கம் விட்டு, மற்றப் பக்கத்தை மோதிரத்தை ஒட்டி நகம் நோக்கி நெருக்கமாகச் சுற்றினார். வீக்கம் நூலுக்குள் அமர்ந்தது. பிறகு உள்ளங்கைப் பக்க நுனியைப் பிடித்துச் சுற்றுச் சுற்றாக அவிழ்க்க, ஒவ்வொரு சுற்றுக்கும் மோதிரம் ஒரு நூலளவு முன்னால் வந்தது. மூட்டைத் தாண்டும்போது கண்ணீர் வந்துவிட்டது. முப்பது வருசம் நூலோடு சீவிக்கிற எனக்கு இந்த வேலை தெரியாது.

இரத்தப் பரிசோதனை மேல்மாடியில். இதுதான் என் பெரிய முறைப்பாடு. பதினெட்டுப் படி, கைபிடி ஒரு பக்கம் மட்டும். மகன் தூக்காத குறையாகக் கொண்டுபோனான். ரிப்போர்ட்டும் முழுக்க ஆங்கிலம். டெங்கு இல்லை என்று வந்தது, இரத்தம் உறைய உதவுகிற பிளேட்லட் அணுக்களும் குறையவில்லை. ஆனாலும் வெள்ளி, சனி இரண்டு நாளும் திரும்ப எண்ணிப் பார்த்தார்கள். சிக்குன்குன்யாவுக்கு எதிராக உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்புப் பொருளைத் தேடுகிற ஐஜிஎம் பரிசோதனையை உடனே எழுதவில்லை. இப்ப எடுத்தால் இல்லையென்றே வரலாம், காசு வீண், அடுத்த கிழமை வாருங்கள் என்றார். ஒன்பதாம் நாள் எடுத்தது, இருக்கிறது என்று வந்தது. காய்ச்சல் விட்டு இரண்டு நாள் கழித்துத்தான் நோக் குளிசை தந்தார், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு.

முதல் கிழமை பகலிலும் வலைக்குள் படுக்கச் சொன்னது எனக்குப் புதிது. என்னைக் கடித்த நுளம்புதான் மற்றவருக்குக் கொண்டுபோகும், அது பகலில் கடிக்கிற சாதி. மகளையும் மறித்துவிட்டேன், பிரசவ நேரத்தில் தாய்க்கு வந்தால் பிள்ளைக்கும் போகலாமாம். என் தையல் மெசினுக்குக் கீழே எப்போதும் இருட்டு, காலில் கடி வாங்கியபடியே தைத்திருக்கிறேன். தேடிப் பார்த்தால், பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டில் தண்ணீர், அதில் புழு துள்ளுகிறது. முற்றமெல்லாம் கூட்டி, பூச்சாடித் தட்டெல்லாம் கவிழ்த்து வைத்த வீடு இது.

இப்போது பத்தாவது கிழமை. காலையில் எழும்பினால் அரை மணித்தியாலம் விரல் இறுகிக் கிடக்கும். பொத்தான் துளை தைக்க இன்னும் ஏலாது. மூன்று மாதத்துக்குப் பிறகும் வீக்கம் இருந்தால் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

போகிறவர்கள் மூன்று மணிக்கே நம்பர் எடுங்கள். காய்ச்சல் தொடங்கிய திகதியை ஒரு துண்டில் எழுதி, போட்ட குளிசை மட்டைகளையும் கொண்டுபோங்கள், அவர் முதலில் அவற்றைத்தான் கேட்பார். படி ஏற ஏலாது என்று அந்த நேர்ஸிடம் சொன்னால், அவரே கீழே வந்து இரத்தம் எடுப்பார். எனக்கு அது மூன்றாவது தரம் ஏறி இறங்கிய பிறகுதான் தெரிந்தது.