இரண்டு சியோனா, ஒரு ஐ5-ஆ?

வெள்ளவத்தையில் கலியாண வீடியோ எடிட் பண்ணும் தம்பி ஒருவன் போன வாரம் கோல் எடுத்தான். "அண்ணா, பழைய வேர்க்ஸ்டேஷன் ஒண்டு வருது. ரெண்டு சியோன், 16 கோர். புது ஐ5-இல ஆறுதானே? எதை எடுக்கிறது?" சியோன் இன்டெலின் சேர்வர், வேர்க்ஸ்டேஷன் புரொசசர்; ஐ5 அதே கம்பனியின் வீட்டுக் கணினிப் புரொசசர்; கோர் என்பது புரொசசருக்குள் வேலை செய்யும் மூளை.

2005-இல் எங்களையும் குழப்பிய கேள்விதான். அதுவரை மேசைக் கணினியில் இரண்டு புரொசசர் வேண்டுமென்றால் மதர்போர்டில் இரண்டு சொக்கெட் வேண்டும். அந்த வருடம் இன்டெலின் பென்டியம் டி-யும் ஏஎம்டியின் அத்லான் 64 எக்ஸ்2-உம் ஒரே சிப்பில் இரண்டு கோரோடு வந்தன. இதில் பென்டியம் டி பெயருக்குத்தான் ஒரே சிப். ஒரு கோர் மற்றதோடு பேச சிப்பை விட்டு வெளியே போய்த்தான் வரவேண்டும், ஒரே வீட்டில் இருந்துகொண்டு காலி வீதிக்கு இறங்கிப் பேசுகிற அண்ணன் தம்பி மாதிரி. அத்லானில் அந்தப் பேச்சு உள்ளேயே முடிந்துவிடும்.

சரி, தம்பியின் விஷயத்துக்கு வருவோம். அவனுக்கு வந்தது சியோன் இ5-2670 இரண்டு, 2012-இல் வெளியான சிப். அதே ஜோடியை நானும் கொஞ்சக் காலம் வைத்திருந்தேன். முதல் நாள் விண்டோஸின் டாஸ்க் மனேஜரைத் திறந்தால், கோருக்கு இரண்டாக 32 கட்டம் வரவேண்டிய இடத்தில் 16தான். விண்டோஸ் ஹோம் பதிப்பு ஒரு சொக்கெட்டுக்கு மேல் கணக்கில் எடுக்காது. புரோ போட்ட பிறகுதான் இரண்டாவது சிப் கண் திறந்தது. அப்புறம் பார்த்தால் ரேம் முழுவதையும் ஒரு சிப்பின் பக்கத்து ஸ்லொட்டுகளிலேயே குத்தியிருக்கிறேன். மற்றச் சிப் ஒவ்வொரு தரவுக்கும் அயல் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பாதியைக் கழற்றி அந்தப் பக்கம் போட்டதும்தான் ரெண்டர் ஒழுங்காக ஓடியது.

எடிட்டிங்கில் டைம்லைனை இழுக்கும்போது கோர் எண்ணிக்கையை விட ஒரு கோரின் வேகம்தான் பேசும். சியோன் உச்சத்தில் 3.3 கிகாஹெர்ட்ஸ், தம்பி பார்த்த ஐ5-12400 உச்சத்தில் 4.4, அதோடு பத்து வருடம் புதிய வடிவமைப்பு. எக்ஸ்போர்ட்டுக்கு ஐ5-இன் உள்கிராஃபிக்ஸில் வீடியோவை வேகமாகச் சுருக்கித் தரும் குவிக் சிங்க் இருக்கிறது, அந்தச் சியோனில் அது கிடையாது. மின்சாரத்தைப் பார்த்தால் சியோன் ஒவ்வொன்றும் 115 வாட், ஜோடிக்கு 230. ஐ5-க்கு அடிப்படை 65, முழுமூச்சில் 117. ஏசி இல்லாத அறையில் இரண்டு சியோனோடு ஏப்ரல் மாதம் இருந்து பார்த்தவனுக்குத்தான் அது விளங்கும்.

பழைய ஜோடிக்கும் இடம் உண்டு. ஐ5-இல் 128 ஜிபி-தான் எல்லை, சியோன் போர்டில் அதைப்போல சில மடங்கு ரேம் போடலாம். ஒரே பெட்டியில் ஏழெட்டு வெர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் ஓடும் மென்பொருள் கணினி) ஓட்டுபவரும், பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டரை இரவில் போட்டுவிட்டுப் படுப்பவரும் தாராளமாக எடுக்கலாம்.

தம்பியை ஐ5 பக்கம் போகச் சொன்னேன். கணினிக் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவில் நின்றபடி பெட்டியைப் படம் எடுத்து அனுப்பினான். 12400-க்குப் பக்கத்தில் ஒரு 'எஃப்'. எஃப் என்றால் உள்கிராஃபிக்ஸும் இல்லை, குவிக் சிங்கும் இல்லை. காசு கட்ட முதல் மாத்தச் சொன்னேன்.