விட்ஸ் 1000 சிசி வாங்குவோரும் திருத்தக் கொடுப்போரும் கவனிக்க: இந்த இஞ்சினில் டைமிங் பெல்ட் இல்லை

கிளிநொச்சியில் அண்மையில் கைமாறிய ஒரு டொயோட்டா விட்ஸ் காரில் நடந்த ஏமாற்று இது. வன்னி முழுக்க இதே இஞ்சின் ஓடுகிறது. கார் தேடிக்கொண்டிருக்கிற சொந்தக்காரர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

வாங்கியவர் முல்லைத்தீவுப் பக்கத்து விவசாயி. கார் கேஎஸ்பி90 மொடல். பார்க்கப் போனபோது இஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது. "இப்பதான் கடைக்குப் போட்டு வந்தனான்" என்றாராம் தரகர். சத்தமும் இல்லை, புகையும் இல்லை. சில கிழமைகளில் மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் சிவப்பு லைற் எரிந்து கார் நின்றுவிட்டது. இழுத்துக்கொண்டு போன கராஜில் "டைமிங் பெல்ட் அறுந்து ஹெட்டும் போச்சு" என்று சொல்லிப் பெரிய பில் போட்டார்கள். பில்லில் டைமிங் பெல்ட்டுக்கு விலை இருக்கிறது, வோட்டர் பம்புக்கு ஒரு வரிகூட இல்லை. கொஞ்ச நாளில் கார் திரும்பவும் சூடேறியது.

அந்த இஞ்சினின் பெயர் 1கேஆர்-எஃப்ஈ. 996 சிசி, மூன்று சிலிண்டர், 12 வால்வு, போர் 71 மி.மீ., ஸ்ட்ரோக் 84 மி.மீ., ஏறத்தாழ 71 குதிரைவலு. பாசோவிலும் இதுதான். இதில் டைமிங்கை, அதாவது வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூடுவதை, பிடிப்பது செயின். வெளியே தெரிகிற பெல்ட் ஒல்டர்னேற்றரையும் வோட்டர் பம்பையும் சுற்றுகிற பெல்ட். அதை மாற்றிவிட்டு "டைமிங் பெல்ட்" என்று காசு வாங்கினால் அது பச்சை மோசடி. உண்மையாகவே செயின் மாற்றுவதென்றால் முன் கவரைக் கழற்றி, செயின், அது ஓடும் இரண்டு கைட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எல்லாம் போட்டு, கவரைப் புது சீலன்ற் பூசி மூடவேண்டும். இரண்டு மணித்தியாலத்தில் முடிகிற வேலை இல்லை. பழைய செயினையும் டென்ஷனரையும் கையில் கேட்டு வாங்குங்கள்.

இந்த இஞ்சினின் உண்மையான பலவீனம் வோட்டர் பம்ப். சீல் தேய்ந்தால் பம்பின் அடியில் உள்ள சின்ன ஓட்டையால் கூலன்ற் கசியும். காய்ந்த இடத்தில் ரோஸ் நிறத்தில் உப்புப் பூத்ததுபோல் ஒரு படை தெரியும். ரோர்ச் அடித்துப் பாருங்கள். இஞ்சினைச் சுற்றிலும் தூசி இருக்க, பம்ப் மட்டும் பளிச்சென்று கழுவியிருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். விற்கிறவர்கள் துடைப்பது அந்த இடத்தைத்தான்.

கேஎஸ்பி90 டாஷ்போர்ட்டில் சூட்டைக் காட்டும் முள் கிடையாது. குளிராக இருந்தால் நீல லைற், மிஞ்சினால் சிவப்பு லைற், அவ்வளவுதான். கூலன்ற் மெல்ல மெல்லக் குறைவதை டிரைவர் அறியவே மாட்டார். தண்ணீர் மட்டம் சென்சருக்குக் கீழே போய்விட்டால் அந்தச் சிவப்பு லைற்றையும் நம்ப முடியாது. இஞ்சினின் மேற்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்து, அதன் அடியில் உள்ள ஹெட் கஸ்கட் போன பிறகுதான் விசயம் தெரியவரும். சிவப்பு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி இஞ்சினை ஓஃப் பண்ணுங்கள். அடுத்த சந்திவரை ஓடினாலே ஹெட் போகலாம். கை வைக்கக்கூடிய அளவுக்கு ஆறாமல் ரேடியேற்றர் மூடியைத் திறக்க வேண்டாம்.

இதற்கு மேல், "கிணத்துத் தண்ணி ஊத்தினால் காணும்" என்று சொல்கிற கராஜ்கள். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. கேத்தலின் அடியில் பிடிக்கிற அதே வெள்ளைப் படை ரேடியேற்றர் குழாய்களிலும் பிடிக்கும். கலந்து விற்கிற கூலன்ற் என்றால் அப்படியே ஊற்றுங்கள். செறிவானது என்றால் பற்றரிக்கு ஊற்றுகிற வடிநீரில் கலவுங்கள். ஒழுக்கை அடைக்கும் பவுடர், தேமோஸ்டற்றைக் கழற்றி எறிவது இரண்டுக்கும் இடம் கொடுக்காதீர்கள். அந்த விவசாயியின் காரில் இரண்டையும் செய்திருந்தார்கள்.

விற்பனைக்கு முன் செய்த வேலை வேறு. உள்ளே இருந்தது 20டபிள்யூ-50 ஒயில். தடித்த ஒயில் புகையையும் செயின் சத்தத்தையும் கொஞ்சக் காலம் மறைக்கும். ஆனால் இந்த இஞ்சினில் செயின் டென்ஷனரும், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுகிற விவிரி-ஐயும் ஒயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கின்றன. தடித்த ஒயில் காலையில் மேலே ஏறப் பிந்தும். இதற்குரியது 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30. பில்டரோடு சேர்த்து மூன்று லீற்றருக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். நாலு லீற்றர் கானை முழுக்க ஊற்றினால் ஒயில் நுரைக்கும், சீல்களால் கசியும். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், நீங்கள் காசு கொடுத்த ஒயில் அது.

ஆகவே கார் பார்க்க விடியக் காலையில், சொல்லாமல் போங்கள். பொனட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள். ஸ்ராட் பண்ணிய உடனே இரண்டு மூன்று விநாடி "கடகட" என்று கேட்டால் செயின் அல்லது டென்ஷனர். சாவியை ஒன் பண்ணி, ஸ்ராட் பண்ணாமல் வைத்தால் செக் இஞ்சின் லைற் எரியத்தான் வேண்டும். எரியாவிட்டால் யாரோ மறைத்திருக்கலாம். ஸ்கேனர் போட்டு பழுதுக் கோட் இல்லை என்று காட்டினால், காரின் கணினி தானாகச் செய்கிற பரிசோதனைகள் முடிந்துள்ளனவா என்றும் அதே ஸ்கேனரில் பாருங்கள். "முடியவில்லை" என்று நிறைய நின்றால் அண்மையில்தான் கோட் அழித்திருக்கலாம். பி0016 வந்தால் செயின் நீண்டிருக்கலாம்.

"மூண்டு சிலிண்டர் இப்பிடித்தான் ஆடும்" என்ற பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். இயல்பான ஆட்டம் ஒரே சீராக இருக்கும். சைலன்சர் வாயில் கை பிடித்தால் இடையிடையே விட்டுவிட்டு அடித்தால் அது மிஸ்ஃபயர், அதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. முதலாம் சிலிண்டருக்குரிய பி0301 கோட் வந்தால், அதன் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற கொயிலை இரண்டாவதில் மாற்றிப் போடுங்கள். கோட் பி0302 ஆனால் கொயில்தான் பழுது. அப்படியே நின்றால் பிளக், இன்ஜெக்டர், கொம்பிரஷன் என்று தேடவேண்டும். இதைச் செய்யாமல் மூன்று கொயிலையும் மாற்றச் சொல்கிற ஆளிடம் காரை விடாதீர்கள்.

எயார் பில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். கிறவல் றோட்டில் ஓடிய காரில் பில்டருக்கு அப்பால், சுத்தமான பக்கத்துக் குழாயில் செம்மண் படிந்திருந்தால் பிஸ்டன் றிங் தேய்ந்து ஒயில் குடிக்கிற கார் அது. விலை குறைத்துத் தந்தாலும் வேண்டாம்.

2020 மார்ச்சில் இறக்குமதி நின்றபின் பழைய கார்களின் விலை ஏறியது, அதோடு மீற்றரைக் குறைக்கிற வேலையும் கூடியது. சஸி இலக்கத்தைக் கொடுத்து, யப்பானில் ஏலம் போனபோது எழுதிய தாளை எடுத்து மீற்றரோடு ஒப்பிடலாம். இஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

ஏமாந்தவர்கள் பில்லை எறிய வேண்டாம். பொருள் பெயர் எழுதிய பில்லும் கழற்றிய பாகங்களும் இருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். "டைமிங் பெல்ட்" என்று எழுதிய அந்த ஒரு வரியே 1கேஆர் இஞ்சினுக்குப் போதுமான சாட்சி.